கூரைக்கு வெளியே

ஓய்வுபெற்ற போதகர்களான நாம் போன தடவை கூடியபோது, எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் ஒரு வேலையைக் கட்டினீர்கள். அறுப்புப் பண்டிகை வருகிறது, நன்றியறிதலையும் கொடுத்தலையும் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், சபைகளுக்கு அனுப்பலாம் என்றீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் வசனம் எதுவும் வரவில்லை. அத்தைதான் வருகிறார்.

நன்றியைப் பற்றிய பிரசங்கம் என்றால் நான் சுருக்கமாக முடித்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். "அக்காவுக்கு ஸ்தோத்திரம் சொல்றதுலகூடச் சிக்கனம்" என்று கேலி செய்திருக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதில்லை. இப்போது நம் எல்லோருக்கும் முட்டிவலி வந்துவிட்டது. இனியும் சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்ய?

அப்பா அப்போது கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் போதகராக இருந்தார். கரவனெல்லயில் பஸ் மாறி, ஆற்றைக் கடந்து, பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறி நடக்க வேண்டும். நண்பகலிலும் உள்ளே சாயங்காலம் போல இருட்டாக இருக்கும். வெயில் காலத்தில் ரப்பர் காய்கள் பட்டென்று வெடித்து, கொட்டைகள் எங்கிருந்தோ வந்து தலையில் விழும். ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கும் புளித்த வாடையும், ரப்பர் ஷீட்டைக் காய வைக்கப் போடும் புகையும் கலந்து எங்கள் துணியிலும் சோற்றிலும்கூட இருந்தன. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை அடித்தால் எனக்குப் பசிக்கிறது.

கோயிலும் எங்கள் வீடும் ஒரே மேட்டில் இருந்தன. கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். முதல் லயத்தின் கடைசிக் காம்பராவில் அத்தை இருந்தார். உறவில் அத்தை இல்லை. என் சிநேகிதியின் அம்மா, அதனால் அத்தை. மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை ரப்பர் பால் வெட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவள் என் வயதுக்காரி. இளையவன் இடுப்பில் இருந்தான்.

என் சிநேகிதிக்கு ஜெபத்தின் நடுவே சிரிப்பு வரும். அடக்க முடியாமல் தோள்கள் குலுங்கும். ஆராதனை முடிந்ததும் எங்கள் கோழிக் கூட்டுக்கு முன்னால் போய் நின்று, அப்பா போலவே இரண்டு கைகளையும் தூக்கி, அப்பாவின் கனத்த குரலில் கோழிகளுக்கு ஆசீர்வாதம் சொல்வாள். கோழிகள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஒரு நாள் அப்பாவே பின்னால் வந்து நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனாள். அப்பா, "கடைசியில ஆமென் சொல்ல மறந்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்படித்தான். யாரையும் கைநீட்டி அடித்தவர் இல்லை. காய்ச்சல்காரர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை நடந்தவர். இனி நான் சொல்லப்போவதைக் கேட்கும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்து இழையாகத் தொங்கும் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி அவள் பந்து செய்வாள். கறுப்பாக, நாற்றமாக இருக்கும். தரையில் அடித்தால் கோயில் கூரை வரை எழும்பும். அந்தக் கூரை துருப்பிடித்த தகரம். பந்து விழுந்தால் துருத்தூள் உள்ளே பீடத்தின் மேல் கொட்டும்.

அந்தக் கூரையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அது ரொட்டிக்கடையில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம், உங்களுக்கும் நினைவிருக்கும். அரிசி கிடைக்கவில்லை. மாவும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் மழை வேறு பிடித்துக்கொண்டு விடவில்லை. தேயிலைத் தோட்டத்திலாவது மழையில் கொழுந்து பறிப்பார்கள். ரப்பரில் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அன்றைய கணக்கில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பி வருவார்கள். லயத்தில் காட்டுக் கீரையையும் ஈரப்பலாக்காயையும் அவித்துத் தின்றார்கள். அதுவும் இல்லாத நாளில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணீர்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை பிடியரிசி வந்தது. நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பார்கள் அல்லவா? மற்ற வீடுகளில் அந்த வழக்கம் மெதுவாக நின்றுபோனது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தை மட்டும் நிறுத்தவில்லை. துணி முடிச்சு வரவர சிறிதாகிக்கொண்டே வந்தது. ஆனால் வந்தது. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஆராதனை முடிந்ததும் அம்மா அதை எடுத்து வந்து எங்கள் அரிசிப் பானையில் கொட்டுவார். போதகர் வீட்டுக்குத்தானே அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தின்ற சோற்றில், என் சிநேகிதியின் வாயிலிருந்து எடுத்த அரிசியும் இருந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அப்பாவும் யோசிக்கவில்லை.

கோயிலுக்குள் மழை கொட்டியது. பாய்களை இழுத்து இழுத்து ஜனங்கள் ஒரு மூலையில் ஒண்டினார்கள். பீடத்தின் மேல் அம்மா சமையல் சட்டியை வைத்தார். தகரத்தின் மேல் மழை அடிக்கும் சத்தத்தில் அப்பாவின் பிரசங்கம் ஒருவருக்கும் கேட்காது. அப்பா நடுவில் நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடச் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நம் ஆட்கள்தான். தோட்டத்திலிருந்து அந்தக் காலத்திலேயே இறங்கிப்போய்க் கொழும்பில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுடைய முன்னோர்கள் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்களாம். கொழும்பு ஐயா கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இத நாங்க போட்டுத் தர்றோம்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்பு அம்மா வாசலில் நின்று விளையாடிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை ஒன்று, ஐந்தாறு வயதில் ஒரு மகள். "குழந்தையப் பாத்துக்க ஒரு நல்ல பிள்ள வேணும் ஐயா. நம்ம சபைப் பிள்ளயா இருந்தா மனசுக்கு நிம்மதி. எங்க வீட்டுப் பிள்ள மாதிரி வச்சுப்போம், படிக்கவும் வைப்போம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா யோசித்தது பசியைத்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த நாள் காலையில் அத்தையைக் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவுக்குப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அவ சின்னப் பிள்ளைங்கய்யா. தனியா படுக்க மாட்டா" என்றார் அத்தை.

"நம்ம ஆளுங்க வீடும்மா. மூணு வேளயும் சோறு. இங்க என்ன இருக்கு, சொல்லுங்க."

"இங்க ஒண்ணும் இல்லதாங்க."

"கர்த்தர் ஒரு வழி திறக்கிறப்ப நாம சந்தேகப்படக் கூடாது. அவங்க நமக்குக் கோயிலயே கட்டித் தர்றாங்க. நாமளும் நன்றியோட நடந்துக்கணும் இல்லயா?"

 இடுப்பிலிருந்த பையன் அவருடைய தாலிக் கயிறு இல்லாத கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கடைசியில், "நீங்க சொன்னா சரிங்க" என்றார்.

அப்பா சொன்னால் சரி. அந்தத் தோட்டத்தில் அவருடைய சொல்லுக்கு அவ்வளவு கனம். தன் சொல் எவ்வளவு கனம் என்று தெரியாத மனிதராக இருந்ததுதான் அவருடைய குறை என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் புறப்பட்ட அன்று அம்மா என் கவுன் ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டார். நீலப் பூப்போட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். அவளுக்குச் சந்தோஷம்தான்.

"கொழும்புல கடல் இருக்காம்ல. தெனம் பாக்கலாமா?"

"வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்குமாம்."

"நான் பாத்துட்டு வந்து ஒனக்குச் சொல்றேன். நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது." கடல் ஏதோ இரகசியம் என்பது போலச் சொன்னாள்.

ஒட்டுப்பால் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு நாங்கள் வீடு மாறியபோது அது எங்கேயோ தொலைந்துபோனது. வாடை அடிக்கிறது என்று யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா மன்றாட்டு ஜெபத்தில் அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொண்டார். கொழும்பு ஐயாவின் பெயர், அம்மாவின் பெயர், அவர்கள் மகளின் பெயர், கைக்குழந்தையின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பார். அந்த மகளுக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே பெயர். முதல் தடவை கேட்டபோது எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிப் போய்விட்டது. எல்லோரும் ஆமென் சொன்னோம்.

கூரை வேலைக்கு, கீழே சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு தச்சு பாஸ் வந்தார். மழை விட்ட நேரமெல்லாம் மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்து ஆணி அடித்தார். கொழும்பிலிருந்து லொறியில் வெள்ளை வெளேரென்று கூரைச் சீட்டுகள் வந்து இறங்கின. ஜனங்கள் வேலை முடிந்து மலையிலிருந்து வரும் வழியில் நின்று அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்பில் கடையில் வேலை செய்தான். அவன் லீவில் வந்தவன், அந்த வீட்டுக்குச் சாமான் கொடுக்கப் போனபோது பிள்ளையைப் பார்த்ததாகச் சொன்னானாம்.

"காலு வலிக்குதுன்னு சொன்னாளாங்க. முட்டியெல்லாம் வீங்கியிருந்துச்சாம். மெலிஞ்சிட்டாளாம். நீங்க ஒரு தடவ போயிக் கூட்டிட்டு வந்துருங்கய்யா. கஞ்சியோ தண்ணியோ, எங்கூடயே இருக்கட்டும்."

"மழ ஈரத்துக்கு இருக்கும்மா. கூரைப் பிரதிஷ்டைக்கு அவங்க எல்லாரும் வர்றாங்க, கூட்டிட்டு வருவாங்க. பார்த்துப் பேசிக்கலாம்."

"அது எப்பங்க?"

"வேல முடியணும். இந்த நேரத்துல போயி பிள்ளயக் குடுங்கன்னு நின்னா, நன்றி கெட்டவங்கன்னு நெனச்சிருவாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க."

அத்தை பொறுத்தார். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "நீங்க போயிப் பாத்துட்டாச்சும் வரலாமுல்ல" என்றார். அப்பா போகவில்லை.

பிரதிஷ்டை நாளில் மழை இல்லை. வாழை மரம் கட்டி, தென்னோலைத் தோரணம் போட்டிருந்தோம். கொழும்புக் குடும்பத்தின் கார் ரோட்டில் நிற்க, அவர்கள் நடந்து மேலே வந்தார்கள். அத்தை கடைசிப் படியில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். ஐயா, அம்மா, அந்தச் சின்ன மகள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறொரு பெண். அவ்வளவுதான்.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா பேசினார். நன்றாகத்தான் பேசினார். பெற்றுக்கொண்டவர்களின் நன்றி, கொடுத்தவர்களின் தாராளம். புதுக் கூரைக்குக் கீழே அவர் குரல் முதல் தடவையாகச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு, சபையின் சார்பில் மாலை போட்டு இரண்டு வார்த்தை நன்றி சொல்லும்படி அத்தையை அழைத்தார். முன்பே ஏற்பாடு செய்ததுதான். யார் அதிக நன்மை பெற்றார்களோ அவர்களே சொல்வது பொருத்தம் என்று அப்பா நினைத்திருந்தார்.

அத்தை மாலையை வாங்கிக்கொண்டு போய்க் கொழும்பு அம்மாவின் முன்னால் நின்றார். மாலையைப் போடவில்லை.

"பிள்ள எங்கங்க?" என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் புதுக் கூரை எல்லோருக்கும் கேட்க வைத்தது.

"கொஞ்சம் காய்ச்சல். வீட்டுல படுத்திருக்கா. மாத்திரை குடுத்திருக்கோம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் கொழும்பு அம்மா. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எத்தன நாளாங்க?"

அப்பா சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் எழுந்து நின்று பாடினோம். நானும் பாடினேன். பாட்டு முடிவதற்குள் யாரோ அத்தையின் கையிலிருந்த மாலையை வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் அவர்களுடைய டிரைவர் அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். ரோட்டிலிருந்து மேடு வரை அவள் நடக்கவில்லை. டிரைவர்தான் தூக்கி வந்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். அவளை இறக்கி வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். நீலப் பூப்போட்ட கவுன் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. மூச்சு விடும்போது தோள்கள் ஏறி இறங்கின. சிரிப்பை அடக்குகிறாள் என்று ஒரு நொடி நான் நினைத்தேன்.

அப்பாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கீழே ஓடினார். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே பார்த்தார். காய்ச்சல் பல வாரமாக இருந்திருக்க வேண்டும், இருதயத்தைப் பிடித்துவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவர்கள் செய்யக் கூடியதையெல்லாம் செய்தார்கள்.

அம்மாவோடு நானும் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவைதான் திரும்பினாள்.

"அங்க என்ன இந்தப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க" என்றாள் என்னிடம். "அந்தச் சின்னப் பிள்ளைக்கும் எம்பேருதானே, கொழப்பமா இருக்கும்னு வேற பேர் வச்சுட்டாங்க. யாராச்சும் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டா நான் திரும்பக் கூடாது. அதான் பழகிருச்சு."

"கடல் பாத்தியா?"

"மாடியில இருந்து தெரியும். ஒரு கோடு மாதிரி." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கிட்டப் போகல" என்றாள்.

அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

கொழும்புக் குடும்பம் நல்ல மெழுகு போட்ட பெட்டி அனுப்பியது. அவர்களும் வந்தார்கள். கொழும்பு அம்மா குலுங்கி அழுதார். அது நடிப்பில்லை. அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கு வரும் காய்ச்சல், வீட்டுப் பிள்ளைக்கு வரும் காய்ச்சல் மாதிரி அவர்கள் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான். அவ்வளவு போதுமாக இருந்தது ஒரு பிள்ளை சாவதற்கு. அடக்க ஆராதனையில் அப்பா, பெட்டிக்கும் வந்ததற்கும் அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொன்னார். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றுவிட்டார். அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஆராதனைக்கு வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலுக்கு நேரே, முற்றத்தில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தார். பெண்கள் போய்க் கூப்பிட்டார்கள். "இங்க இருந்தே கேக்குதுங்க" என்றார். திருவிருந்து நேரம் வந்தது. எல்லோரும் வாங்கிக்கொண்ட பிறகு அப்பா அப்பமும் கிண்ணமுமாக வாசலைப் பார்த்து நின்றார். பிறகு இறங்கிப் போனார். அத்தை இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அப்பாவை அதிகமாகச் சுட்டிருக்கும்.

மழை நாட்களில், விறகுக்குப் போகும்போது போடுவது போலச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையனை மட்டும் உள்ளே எங்கள் அம்மாவிடம் விட்டுவிடுவார். அப்பாவும் மழையில் நனைந்துகொண்டே போய்க் கொடுத்தார். கிண்ணத்தில் மழைத்தண்ணீர் விழும்.

ஒரு நாள் தச்சு பாஸ் தானாக ஏறி வந்தார். கீழே கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அனே ஐயா, அந்த அம்மா மழையில நனையறது. மிச்சம் ரெண்டு சீட் கெடக்கறதுதானே, நான் அங்க போட்டுக் குடுக்கறது. சல்லி ஒண்ணும் வேணாம்" என்றார். அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. பாஸ் நான்கு கம்பு நட்டு, கல்லின் மேல் சின்னதாக ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து அதைப் பார்த்தார். எட்டிப் போய்க் கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டார். பாஸ் அந்த வாரமே வந்து அந்தச் சீட்டுகளைக் கழற்றினார். 

பிடியரிசி மட்டும் நிற்கவில்லை. இதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். துணி முடிச்சு இப்போது வாசற்படியில் இருந்தது. ஒரு மதியம் அப்பா சாப்பிட உட்கார்ந்து, முதல் பிடியை எடுத்துவிட்டு, "அரிசி எங்க கெடச்சுது?" என்று கேட்டார்.

"அவங்க கொண்டாந்தது" என்றார் அம்மா.

அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"இவ்வளவு நாளும் இதுதான் வந்துச்சா?"

"இவ்வளவு நாளும் இதுதான். நீங்க கேக்கல."

அப்பா எழுந்துபோகப் பார்த்தார். அம்மா விடவில்லை. "உக்காருங்க. நீங்க தின்னாட்டி அவங்க பட்டினி கெடந்து எடுத்து வச்சது நாசமாப் போவும். தின்னுட்டு என்ன செய்யணுமோ அதச் செய்யுங்க."

அப்பா தின்றார். அழுதுகொண்டே ஒருவர் சோறு தின்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுப்புப் பண்டிகை வந்தது. பஞ்சத்திலும் ஜனங்கள் கொண்டுவந்தார்கள். பலாக்காய், மரவள்ளிக் கிழங்கு, இரண்டு மூன்று கோழிகள், ஒரு பூசணிக்காய். அப்பா பீடத்தின் முன்னால் நின்றார். பிரசங்கத்தைத் தொடங்கவில்லை. மன்றாட்டு ஜெபத்தையும் தொடங்கவில்லை.

"நான் இந்தக் கோயில்ல எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கேன்" என்றார். "ஒருத்தருக்குச் சொல்லல. அவங்க வெளியில உக்காந்திருக்காங்க."

படியிறங்கிப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து வாசலிலும் சன்னல்களிலும் நின்றோம். அப்பா கொய்யா மரத்தடியில், அத்தைக்கு முன்னால், வெள்ளை அங்கியோடு சேற்றில் உட்கார்ந்தார்.

"உங்க அரிசியத் தின்னுட்டுத்தான் நான் பிரசங்கம் பண்ணேன். ஒரு நாளும் யோசிக்கல. பிள்ளயக் கூட்டிட்டு வாங்கன்னு நீங்க கேட்டப்ப, நான் கூரைய நெனச்சேன். என்ன மன்னிச்சிருங்கம்மா."

 அத்தை சாக்கைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கிறதெல்லாம் என்னால ஆவுமான்னு தெரியலங்கய்யா. நான் தெனம் கேட்டுப் பாக்குறேன், இன்னும் வரல" என்றார். "எனக்கு வேற ஒண்ணு வேணும்ங்க. வாரா வாரம் நீங்க ஜெபத்துல அந்தப் பிள்ள பேரச் சொல்றீங்க. எம்புள்ளைக்கும் அதே பேருதானுங்க. நீங்க வச்ச பேரு. அந்த வீட்டுல அதயும் எடுத்துக்கிட்டாங்க. நீங்க சொல்றப்பல்லாம் எனக்கு எம்புள்ளயக் கூப்புடுற மாதிரியே கேக்குது. ஒரு தடவ, அவள நெனச்சுக்கிட்டு அந்தப் பேரச் சொல்லுங்க."

அப்பா எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, கைகளைத் தூக்கி, அவள் பெயரைச் சொன்னார். ஜெபம் என்று வேறொன்றும் வரவில்லை. மறுபடியும் அந்தப் பெயரையே சொன்னார். உள்ளேயிருந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அத்தையின் உதடும் அசைந்தது. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

கொழும்பு வீட்டுப் பெயர்கள் ஜெபத்திலிருந்து நின்றுபோனதால் அவர்களுக்கு மனவருத்தம் உண்டானது. அது மேலிடம் வரை போனது. அடுத்த வருஷம் அப்பாவைப் பலாங்கொடைப் பக்கம் மாற்றினார்கள். அப்பா போன இடமெல்லாம் அவள் பெயரைத் தன் ஜெபத்தில் வைத்திருந்தார். அது யார் என்று அந்தச் சபைகளில் யாருக்கும் தெரியாது.

நான் ஊழியத்துக்கு வந்து பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நடத்த அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மரங்களையெல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாக நட்டிருந்தார்கள். அத்தைக்குக் கூன் விழுந்திருந்தது. மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு அவரை உட்கார வைத்திருந்தான். நான் அப்பமும் கிண்ணமுமாக இறங்கிப் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா போயிட்டாராமே. கடைசியில கஷ்டப்பட்டாரா?"

"வலி இல்ல அத்த. ஞாபகந்தான் போயிருச்சு. அம்மாவத் தெரியல. என்னயும் தெரியல. என்னப் பாத்தா அவ பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. 'வந்துட்டியா, கால் வலி எப்படி'ன்னு கேப்பாரு."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன சொல்லுவ?"

"நல்லாயிருச்சுப்பான்னு சொல்லுவேன்."

அத்தை வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, என்னிடம் நீட்டினார்.